ரோமாபுரி ராணிகளும் ஒரு காலிக் கட்டமும்

போன வாரம் எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு சின்ன வயது விரிவுரையாளர்கள் அடையாறில் நான் இருக்கும் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் இந்த வருஷத்து விண்ணப்பப் படிவம். பெயருக்கு முன்னால் குமாரியா, திருமதியா என்று கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டார்களாம். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சந்தோஷம். துறை மலருக்கு நான் என் அனுபவத்தை எழுதித் தரவேண்டும், அதில் இந்த மாற்றத்தைப் பாராட்டி நாலு வரி இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ரோம் சக்கரவர்த்திகள் வீட்டுப் பெண்களின் பட்டங்களையே பாடமாக நடத்தியவள் நான்தானே, எனக்கு இல்லாத உரிமையா என்றார்கள்.

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பாராட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டத்தால் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று, போக்கியவள் நான். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது புளுகு. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் சாந்தோமில் பிறந்தவள். அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் வாத்தியார்கள். நானும் எம்.ஏ. முடித்து, யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரத் துறைக்கு வந்து சேர்ந்தேன். படித்த படிப்பைப் பற்றி இவ்வளவு போதும். வேலை கற்றுக்கொண்டது துறைத் தலைவி மிஸ் தேவநேசத்திடம்.

மிஸ் தேவநேசம் ஒல்லியாக, உயரமாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சிலின் மழுங்கின முனையால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். அதற்கே நாங்களெல்லாம் எழுந்து நின்றுவிடுவோம். காலையில் வருகைப் பதிவேட்டை நின்றுகொண்டுதான் வாசிப்பார். ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் முன்னால் உள்ள மரியாதைச் சொல்லோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார். கல்யாணமாகாதவளுக்கு ஒன்று, ஆனவளுக்கு ஒன்று. மாற்றிச் சொன்னதில்லை. 'பட்டம் தப்பாப் போட்டா ஆளே தப்பு' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

ரோம் நாட்டில் சக்கரவர்த்திக்கு அகஸ்தஸ் என்று பட்டம். அவர் வீட்டில் மிக உயர்ந்த பெண்ணுக்கு அகஸ்தா. வணக்கத்துக்கு உரியவள் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா மனைவிக்கும் கிடைத்துவிடாது. மிஸ் தேவநேசம் ஒவ்வொரு ராணிக்கும் ஒரு சீட்டு போட்டு வைத்திருந்தார். சீட்டில் ஐந்து கட்டம். பட்டம் என்ன? யார் கொடுத்தது? எதற்காக? எப்போது, யாரால் போயிற்று? போனது திரும்பக் கிடைத்ததா? ஐந்தையும் நிரப்பவேண்டும், ஒன்றும் காலியாக இருக்கக்கூடாது. தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றாவது எழுதவேண்டும். காலியாக விட்டால் சோம்பேறித்தனம் என்பார்.

சீட்டுகளை எழுதுவதும் அடுக்குவதும் என் வேலை. அப்போது காகிதத்துக்குப் பஞ்சம். அதனால் மாணவிகள் வீட்டிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார்கள். மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். கெட்டிக் காகிதமாகப் பார்த்து எடுத்து, ஒரே அளவாக நறுக்கி, பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதுவோம். முன்பக்கத்தில் யாரோ ஒரு சௌபாக்கியவதிக்கும் யாரோ ஒரு சிரஞ்சீவிக்கும் முகூர்த்தம். பின்பக்கத்தில் நீரோவின் மனைவி பொப்பேயா பெண் குழந்தை பெற்று அகஸ்தா ஆன கதை. பிறந்த குழந்தையையும் அகஸ்தா என்றார்கள். அந்தக் குழந்தை நாலு மாதத்தில் செத்துப்போயிற்று. அதற்கும் தனிச் சீட்டு உண்டு.

நாலாவது கட்டம் எனக்குப் பிடித்த கட்டம். இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது. மெஸ்ஸாலினா என்று இன்னொரு சக்கரவர்த்தியின் மனைவி, அவள் கொல்லப்பட்டதும் அவள் பெயரையும் சிலைகளையும் எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கல்லில் பெயர் இருந்த இடத்தை உளியால் கொத்தி எடுப்பார்கள். எடுத்த இடம் பள்ளமாக நிற்கும். வகுப்பில் வருஷா வருஷம் நான் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது: கொத்தி எடுத்த இடம்தான் வருகிறவர் போகிறவர் கண்ணில் முதலில் படும், எழுத்து அப்படியே இருந்திருந்தால் யாரும் நின்றுகூடப் பார்க்கமாட்டார்கள். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே பெருமை.

அந்த வகுப்பில் ருக்மிணி என்று ஒரு பெண் இருந்தாள். பி.ஏ. கடைசி வருஷம். மேற்கு மாம்பலத்திலிருந்து ரயிலேறி வருவாள். அப்பா அம்மா இல்லை. அண்ணன் சுந்தரேசன் தியாகராய நகரில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா, அவர்தான் படிக்கவைத்தார். கீழே இன்னும் ஒரு தங்கை. வெளிறின நிறத்துப் புடவை, இழுத்துப் பின்னிய சடை, பொட்டில்லாத நெற்றி. அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு பக்கம் ரெஜினா, இன்னொரு பக்கம் ரோசலின். இருவரும் எங்கள் மாதா கோயில் பெண்கள், அவர்கள் நெற்றியும் வெறும் நெற்றி. என் நெற்றியும் அப்படித்தான். அந்த பெஞ்சில் நான் பார்த்தது மூன்று நல்ல மாணவிகளை, அவ்வளவுதான்.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, ஒரு பிராமணப் பெண்ணின் வெறும் நெற்றிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? நான் பார்க்கவில்லை. ரோமாபுரியில் எவள் எந்த வருஷம் முக்காடு போட்டாள் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லுவேன். நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் லிவியாவின் சீட்டை நடத்தினேன். முதல் சக்கரவர்த்தியின் மனைவி. புருஷன் உயிரோடு இருந்தவரை அவளுக்கு அந்தப் பட்டம் இல்லை. அவர் செத்தபிறகு உயிலைப் பிரித்தால், அவளைத் தன் குலத்துக்கே மகளாகச் சேர்த்து அகஸ்தா என்ற பெயரையும் கொடுத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் ருக்மிணி எழுந்து நின்றாள். தானாக எழுந்து கேள்வி கேட்கிற பெண் இல்லை அவள்.

"அங்க ஆம்படையான் போனப்புறம்தான் பட்டமே குடுத்திருக்கா, இல்லையா மிஸ்?"

ஆமாம், உயிலில்தான் என்றேன். அவள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் அடுத்த சீட்டை எடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ரோமாபுரி ராணிகள் வரிசையாக மேடைக்கு வந்து, ஒவ்வொருவரும் தன் பட்டத்தின் கதையைத் தமிழில் சொல்லுகிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். லிவியாவாக ருக்மிணிதான் என்று தீர்மானம் செய்தேன். அவளுக்கு அப்படி ஒரு குரல். மிஸ் தேவநேசத்திடம் சொன்னேன். வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவள் வீட்டில் சம்மதம் என்றால் சரி என்றார். ருக்மிணி அண்ணனைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பார்க்க வருகிறவர்கள் பெண்கள் மட்டும், வேஷம் தலையோடு முக்காடு போட்ட வெள்ளைப் புடவை, முகம் பாதி தெரியாது என்பதால் அவர் ஒத்துக்கொண்டாராம். வெள்ளைப் புடவை என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒத்திகையில் அவள் பேசினால் பின்னால் வம்பு பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அம்மாக்களும் படிக்கவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலைத் தமிழிலேயே அச்சடிக்க ஏற்பாடு. பங்கெடுக்கும் பெண்களின் பெயர்ப் பட்டியலை நான் எழுதினேன். பதிவேட்டை எதிரில் வைத்துக்கொண்டு, கல்யாணமாகாதவர்களுக்கெல்லாம் குமாரி என்று போட்டுக்கொண்டே வந்தேன். கல்யாணமான மயிலாப்பூர்ப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் பெயருக்கு முன்னால் 'சௌ.' போடச் சொல்லியிருந்தார்கள். புருஷன் உயிரோடு இருப்பவள் சௌபாக்கியவதி, அதற்குச் சுருக்கம். ருக்மிணியின் பெயருக்கு வந்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த கட்டம் காலி.

எனக்கு ஆச்சரியம். மிஸ் தேவநேசத்தின் பதிவேட்டில் காலிக் கட்டமா! யோசித்துப் பார்த்தால், காலையில் பெயர் வாசிக்கும்போது அந்த ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் அவர் ஒரு மூச்சு நிறுத்தி, வெறுமே ருக்மிணி என்பார். வயசாகிறது, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் பிழையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதி. அன்று வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ருக்மிணியை நிறுத்தி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். "ஆயிடுத்து மிஸ்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். ஒத்திகைக்கு நேரமாயிற்று, ஓடு என்று விரட்டினேன். கட்டத்தை நிரப்பினேன். ஒரே நிலைக்கு ஒரே பட்டம் என்று அந்த இரண்டு பேருக்குப் போட்டதையே அவளுக்கும் போட்டேன். பொதுவாக ஸ்ரீமதி என்று போட்டிருந்தால் ஒரு ஈ காக்கை கூடத் திரும்பிப் பார்த்திருக்காது.

அச்சாகி வந்த பிரதிகளில் பாதியைத் தபாலில் பெற்றோருக்கு அனுப்பினோம். நாலாம் நாள் காலை சுந்தரேசன் வந்தார். முப்பது வயதிருக்கும், அதற்குள் பாதித் தலை நரை. மிஸ் தேவநேசத்தின் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நிரலை மேஜையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். 'லிவியா அகஸ்தா: சௌ. ருக்மிணி.'

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் கல்யாணம், பதினாலு வயதில் அந்தப் பையன் விஷ ஜுரத்தில் போய்விட்டான். சொந்தக்காரர்கள் அவள் தலையை மழிக்க வந்தபோது இவர் குறுக்கே நின்று தடுத்து, ஊரை விட்டே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளைப் படிக்கவைத்து வாத்தியாராக்கிவிட்டால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பாள் என்று எண்ணம். கல்லூரியில் யாருக்கும் தெரியவேண்டாம், பொய்யும் எழுதவேண்டாம், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள் என்று சேர்க்கும்போதே மிஸ் தேவநேசத்திடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவரும் விட்டார். இப்போது தங்கைக்கு வரன் பார்த்திருந்தார்கள். பிள்ளை வீட்டாரின் உறவுப் பெண் ஒருத்தி எங்கள் கல்லூரியில் படித்தாள். அந்த வீட்டுக்கும் நிரல் போய்விட்டது. கைம்பெண்ணுக்குச் சௌ. போட்டு மேடையேற்றுகிற குடும்பமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கல்லூரியின் அச்சுப்பிழை என்று அவர்களிடம் எப்படியாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன் என்றார். மிச்சமிருக்கும் பிரதிகளில் அந்த எழுத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

திரும்ப அச்சடிக்கக் காகிதம் இல்லை. கொடுக்காமல் நிறுத்திவிடலாம், நிரல் இல்லாமல் விழா நடந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார் மிஸ் தேவநேசம். நான் முந்திக்கொண்டேன். பிழை என்னுடையது, நானே மை வைத்து அடித்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பென்சிலைத் தட்டவில்லை. எனக்குத் தப்பைத் திருத்திவிட்டால் போதும் என்று இருந்தது. சுந்தரேசன் கலங்கிப்போய், சரி செய்யுங்கள் என்று தலையாட்டினார்.

அன்று மாலைவரை உட்கார்ந்து, பிரதி பிரதியாக எடுத்து, அந்த ஒரு எழுத்தின்மேல் கறுப்பு மையைப் பூசினேன். பிசிறில்லாமல் சதுரமாகப் பூசினேன். உலர்த்தி அடுக்கினேன். அடுத்த நாள் மாணவிகள் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரி ஊழியர் கோவிந்தன் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இன்னா மிஸ், அந்த நோட்டீசுல இன்னா அடிச்சு வெச்சிருக்கீங்க? மாட வீதில அல்லாரும் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு அதத்தான் படிச்சுக்கினு கீறாங்க."

எழுத்தாக இருந்தபோது ஒரு வீட்டுக்காரர்கள்தான் கவனித்தார்கள். மை பூசினபிறகு மயிலாப்பூர் முழுக்கக் கவனித்தது. தபாலில் வந்த பிரதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சௌ. இருந்து அழிந்தது என்றால் அந்தப் பெண் யார், எந்த வீடு, எந்த ஊர் என்று துருவித் துருவி விசாரித்துவிட்டார்கள். வருஷா வருஷம் வகுப்பில் சொன்ன அதே விஷயம். என் வாயால் சொன்னதை என் கை மறந்துபோயிற்று. அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

ருக்மிணி அதற்குப் பிறகு வரவில்லை. லிவியாவாக ரெஜினா வந்தாள். வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போனாள், கைதட்டினார்கள். விழா முடிந்து விளக்கணைத்தபோதுதான் மிஸ் தேவநேசம் அந்தப் பேச்சை எடுத்தார்.

"நான் ஒரு இடத்தைக் காலியா விட்டேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு உனக்குத் தோணவே இல்லையா, பிலோமினா?"

ஓய்வு பெறும்வரை அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு மேற்கு மாம்பலம் போனேன். குறுகலான சந்தில் ஒண்டுக் குடித்தனம். சுந்தரேசன் வாசலிலேயே நின்று பேசினார். நான் கெஞ்சினேன். பரீட்சை எழுதினால் போதும், நானே வந்து கூட்டிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். என் சம்பளத்தில் படிக்கவைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்த வரன் தட்டிப்போய்விட்டது, வேறு ஊரில் வேறு இடம் பார்த்திருக்கிறார்கள், ருக்மிணி வெளியே தலைகாட்டக்கூடாது என்று அவர்கள் நிபந்தனை, வீட்டைக் காலி செய்கிறோம் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒருத்திக்காகக் குறுக்க நின்னு பாத்துட்டேன் மிஸ். சின்னவளுக்காவது அந்த எழுத்து நிலைக்கட்டும். விட்டுடுங்கோ."

உள்ளே கதவோரம் புடவை நிழலாடியது. ருக்மிணி வெளியே வரவில்லை. வீட்டில் வைத்து எழுதுவதற்காக என்னிடம் வாங்கிப் போயிருந்த ராணிச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டி, தங்கையிடம் கொடுத்தனுப்பினாள். அனுமதிச் சீட்டை வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி ரயிலில் வரும்போது அது என் கையிலேயே இருந்தது.

பிறகு விலாசம் விசாரித்து ஒரே ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம். உறையில் பெயர் எழுதப் போனேன், முன்னால் என்ன போடுவது? பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்றும் போடாமல் ருக்மிணி என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவள் இருக்கிறாளா, இல்லையா, எந்த வீட்டுச் சமையலறையில் காலம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பெண்கள் என்னிடம் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களால் இந்த ஒன்று ஈடாகவில்லை.

சீட்டுக்கட்டை மாம்பலத்திலிருந்து திரும்பிய ராத்திரி நான் பிரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் எண்ணி அடுக்கப் போனேன். ஒன்று கூடுதலாக இருந்தது. மற்ற பெண்கள் கட்டுக்கட்டாகக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோது ருக்மிணி மட்டும் ஒன்றும் கொண்டுவந்ததில்லை. அந்தச் சீட்டின் முன்பக்கத்தில் 'என் குமாரத்தி சௌபாக்கியவதி ருக்மிணியை' என்று இருந்தது. மூலையில் மஞ்சள் மங்கியிருந்தது. பின்பக்கத்தில் நான் கற்றுக்கொடுத்த அளவில், ஸ்கேல் வைத்து, ஐந்து கட்டம்.

பட்டம்: சௌபாக்கியவதி. கொடுத்தது: அப்பா. எதற்காக: பன்னிரண்டு வயதாகிவிட்டதால். எப்போது, யாரால் போயிற்று: ஒன்று, அவர் போன பத்தாம் நாள், சொந்தக்காரப் பெண்களால். இரண்டு, கல்லூரி ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம், மிஸ் பிலோமினாவால், கறுப்பு மையால்.

திரும்பக் கிடைத்ததா என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். நான் இன்றுவரை அதில் ஒன்றும் எழுதவில்லை.